திரும்பி வந்தவரின் பெயர்

டென்னிஸ் ஆட்டத்தை ஒரு தடவையாவது தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மார்ட்டினா நவ்ராத்திலோவா அறிமுகம் தேவையில்லாதவர். 1978 முதல் 1990 வரை விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 9 முறை வென்றவர். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று மூன்றையும் சேர்த்தால் அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் 59. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் நவராத்திரியை நினைவூட்டும். அது ஒலியின் ஒற்றுமை மட்டுமே. அந்தப் பெயருக்குள் வேறொரு பொருள் இருக்கிறது. அந்தப் பொருளைத் தேடிப் போனால் ஒரு நாட்டின் வரலாறும், அந்த நாட்டுப் பெண்கள் தங்கள் பெயருக்காக நடத்திய வழக்கும் கூடவே வருகின்றன.

மார்ட்டினா பிறந்த ஊர் பிராக். அன்று அது செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர்; 1993 முதல் செக் குடியரசின் தலைநகர். அவருடைய குடும்பப் பெயர் முழுக்க முழுக்க செக் மொழிச் சொல். அதைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்று ‘நவ்ராத்தில்’. மற்றொன்று ‘ஓவா’. இரண்டுக்கும் தனித்தனியே கதை உண்டு.

ஒரு வினைச்சொல் பெயரான கதை

செக் மொழியில் ‘நாவ்ரத்’ என்றால் திரும்பி வருதல். அதன் வினைமுற்று வடிவம் ‘நவ்ராத்தில்’. ‘திரும்பி வந்தான்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஊரை விட்டுப் போன ஒருவன் நெடுநாள் கழித்துத் திரும்பி வருகிறான். போருக்குப் போயிருக்கலாம், கூலி வேலை தேடிப் போயிருக்கலாம். ‘யார் அது?’ என்று கேட்டால் ‘அவன்தான், திரும்பி வந்தவன்’ என்று ஊரார் சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டப்பெயர் அவனோடு நின்றுவிடாமல் அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

வினைமுற்று ஒன்று குடும்பப் பெயராகும் வழக்கம் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் மிகுதி. ‘பொஸ்பீஷில்’ என்றால் விரைந்தான். ‘வீஸ்கொச்சில்’ என்றால் துள்ளிக் குதித்தான். ‘டொஹ்னல்’ என்றால் எட்டிப் பிடித்தான். ‘ஸ்த்ராஷில்’ என்றால் விலையை ஏற்றினான். இந்தப் பெயரை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஊர்க் கடைக்காரராகவே இருந்திருக்க வேண்டும். ‘வயலுக்குள் குதி’, ‘ரொட்டி தின்னாதே’ என்று பொருள்படும் குடும்பப் பெயர்கள்கூட அங்கே உண்டு. கேலியாகச் சொன்ன சொற்களைத்தான் இன்று வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மற்ற செக் குடும்பப் பெயர்களும் இப்படித் தரையில் கால் ஊன்றியவையே. நாட்டில் மிகப் பரவலாக உள்ள பெயர்களில் ஒன்று ‘நோவாக்’. ஊருக்குப் புதிதாக வந்தவன் என்று பொருள். ‘ஸ்வொபொடா’ என்றால் விடுதலை. பண்ணையாருக்கு அடிமையாக இல்லாதவனைக் குறித்த சொல். ‘துவோர்ஷாக்’ பண்ணை மாளிகையோடு தொடர்புள்ளவன். உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் அந்தோனின் துவோர்ஷாக்கின் பெயர் அதுதான். ‘குச்செரா’ சுருட்டை முடிக்காரன். எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் பெயருக்குக் காக்கை இனத்துச் சிறு பறவை ஒன்று என்று பொருள். அவருடைய தந்தை பிராக் நகரில் நடத்திய கடையின் சின்னமாகவே அந்தப் பறவையை வைத்திருந்தார்.

பெயர் நிலைத்தது எப்போது?

இந்தப் பெயர்கள் தொடக்கத்திலிருந்தே பரம்பரைப் பெயர்களாக இருந்தவை அல்ல. ஒருவனுக்கு ஒரு பெயர், அவன் மகனுக்கு வேறு பெயர் என்பது வெகுகாலம் இயல்பாக இருந்தது. சில வட்டாரங்களில் பெயர் மனிதனை விட்டுவிட்டு வீட்டையே பற்றிக்கொண்டது. ஒரு பண்ணை வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். அந்த வீட்டில் யார் குடியேறினாலும் ஊரார் அவரை அந்த வீட்டுப் பெயராலேயே அழைப்பார்கள். மருமகனாக வந்து சேர்ந்த ஆண் தன் பழைய பெயரை இழந்து, மனைவி வீட்டுப் பெயரை ஏற்ற நிகழ்ச்சிகள் பழைய தேவாலயப் பதிவேடுகளில் காணக் கிடக்கின்றன. ‘ஆணின் பெயர்தான் குடும்பப் பெயர்’ என்பது இயற்கை விதி அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவர் ஹப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப். 1781-இல் செக் நாட்டுக் குடியானவர்களின் பண்ணை அடிமைத்தனத்தை ஒழித்த அதே பேரரசர்தான் பெயர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். 1780-களில் அவர் பிறப்பித்த ஆணைகளின் விளைவாக, தந்தையின் பெயர் பிள்ளைகளுக்கு வரும் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானது. 1787-இல் யூதக் குடிமக்களும் நிலையான பெயர்களை ஏற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசுக்கு மாறாத பெயர்கள் தேவைப்பட்டன. வரி கட்டியவரும் படைக்குப் போனவரும் பெரும்பாலும் ஆண்கள். ஆகவே பதிவேட்டில் ஆணின் பெயர் அடிப்படையாக அமைந்தது. பெண்ணின் பெயர் அதிலிருந்து கிளைத்த பெயராக நின்றது. அந்தக் கிளைக்கு அடையாளம்தான் ‘ஓவா’.

‘ஓவா’வின் பொருள் என்ன?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தமிழில் ஆறாம் வேற்றுமை உடைமைப் பொருளைக் காட்டும். ‘கண்ணனுடைய வீடு’ என்கிறோம். செக் மொழியில் இந்த உடைமைப் பொருளைக் காட்ட, பெயரோடு ஒரு விகுதி சேரும். அந்த விகுதி அடுத்து வரும் சொல் ஆண்பாலா, பெண்பாலா என்பதற்கு ஏற்ப மாறும். ‘நோவாக்குடைய மனைவி’, ‘நோவாக்குடைய மகள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நோவாகொவ’ என்று குறிலில் முடியும் சொல் வரும். அந்தக் குறில் நெடிலாக நீண்டு, ஒரு பெயராகவே நிலைபெற்றபோது ‘நோவாகோவா’ பிறந்தது. சொல்லின் வேரைப் பார்த்தால் ‘நோவாக்கைச் சேர்ந்தவள்’ என்பதே பொருள். திருமணத்துக்கு முன் அந்த நோவாக் தந்தை. திருமணத்துக்குப் பின் வேறொரு குடும்பத்து ஆண்.

ரஷ்யப் பெயர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவாவின் தந்தை ‘ஷரபோவ்’. அங்கே ஆணின் பெயரிலேயே ‘ஓவ்’ இருக்கிறது. பெண்ணுக்கு ஓர் உயிரெழுத்து மட்டும் கூடுகிறது. செக் நாட்டில் ஆண் வெறும் நோவாக். ‘ஓவா’ முழுவதும் பெண்ணுக்கு மட்டுமே சேர்வது.

எல்லாப் பெயர்களும் ‘ஓவா’வில் முடிவதில்லை. ஆணின் பெயர் பண்புச் சொல்லாக இருந்தால் கடைசி ஒலி மட்டும் மாறும். ‘செர்னீ’ என்றால் கறுப்பன். அவர் வீட்டுப் பெண் ‘செர்னா’. ‘நொவொட்னீ’ என்றால் புதிதாக வந்தவர், பெண் ‘நொவொட்னா’. 1998-இல் விம்பிள்டனை வென்ற யானா நொவொட்னாவின் பெயர் இப்படி அமைந்ததே. ‘தையற்காரர்’ என்று பொருள்படும் ‘கிரெய்ச்சீ’ போன்ற சில பெயர்கள் இருபாலுக்கும் மாறுவதில்லை. இசையமைப்பாளர் பொஹுஸ்லாவ் மார்ட்டினூவின் பெயரும் அத்தகையது. ‘மார்ட்டின் வீட்டாரைச் சேர்ந்தவர்’ என்பது அதன் பொருள். அதில் கணவனும் மனைவியும் ஒன்றுபோலவே ‘வீட்டாரைச் சேர்ந்தவர்’கள்தான்.

வழக்கம் தெரியாத வெளிநாட்டவரை இந்த முறை எப்படித் திகைக்க வைக்கும் என்பதற்கு ஒரு டென்னிஸ் குடும்பமே எடுத்துக்காட்டு. 1962-இல் விம்பிள்டன் இறுதியாட்டத்துக்கு வந்தவர் வேரா சுகோவா. திருமணத்துக்கு முன் அவர் வேரா புஷெயோவா. கணவர் பெயர் சிரில் சுக். ‘சுக்’ என்றால் மரத்தில் இருக்கும் கணு. அவர்களுடைய மகள் ஹெலெனா சுகோவா. மகன் தந்தையின் பெயரையே கொண்ட சிரில் சுக். 1996, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் கலப்பு இரட்டையர் பட்டத்தை அக்கா தம்பியான இந்த உடன்பிறப்புகள் சேர்ந்தே வென்றார்கள். ஆட்டப் பலகையில் ‘சுக் – சுகோவா’ என்று இருந்தது. இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது செக்காரர்களுக்குப் பார்த்ததும் விளங்கும். மற்றவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

பெயருக்குள் மறைந்த பெண்கள்

செக் நாட்டின் 500 கிரௌன் பணத்தாளில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. அவர் எழுத்தாளர் பொஷெனா நெம்ட்சோவா. 1820-இல் வியன்னாவில் பிறந்தவர். 1855-இல் வெளிவந்த ‘பாட்டி’ என்ற அவருடைய நூல் செக் உரைநடையின் அடித்தளங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அவர் வாழ்நாளில் மூன்று குடும்பப் பெயர்கள் மாறின. பிறந்தபோது தாயின் பெயரால் நொவொட்னா. பெற்றோர் மணந்த பின் தந்தையின் பெயரால் பாங்க்லோவா. 1837-இல், 17 வயதில், தம்மைவிட 15 வயது மூத்த யோசெஃப் நெமெட்ஸ் என்ற சுங்கக் காவல் அதிகாரிக்கு மணமுடிக்கப்பட்டபோது நெம்ட்சோவா.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘நெமெட்ஸ்’ என்றால் செக் மொழியில் ‘ஜெர்மன்காரன்’. ஜெர்மன் மொழி ஆட்சி மொழியாக இருந்த காலம் அது. செக் மொழி குடியானவர்களின் வீட்டு மொழியாக ஒதுங்கிக் கிடந்தது. அதை இலக்கிய மொழியாகத் தூக்கி நிறுத்தியவர்களுள் தலையாய பெண்மணியின் பெயர் ‘ஜெர்மன்காரனைச் சேர்ந்தவள்’! அவர் கணவரோ உண்மையில் செக் பற்று மிகுந்தவர். பெயர் சொன்னது ஒன்று. வாழ்க்கை சொன்னது வேறொன்று. கசந்துபோன மண வாழ்க்கைக்கும் வறுமைக்கும் இடையே எழுதி, 1862-இல் மறைந்தார் அந்த எழுத்தாளர். ‘பொஷெனா’ என்ற முற்பெயர் மட்டும் யாரும் கொடுத்தது அல்ல. பர்போரா என்ற தம் இயற்பெயரை விட்டு, எழுத்துக்காக அவரே தேர்ந்தெடுத்துக்கொண்ட செக் பெயர் அது.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சியும் அதே நாட்டில் உண்டு. செக்கோஸ்லோவாகியாவின் முதல் அதிபர் தொமாஷ் மசாரிக். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படிக்கும்போது சார்லட் கரீக் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்தார். 1878-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் அவர்கள் மணந்துகொண்டார்கள். மனைவி ‘மசாரிகோவா’ ஆனார். அது வழக்கம். ஆனால் கணவரும் மனைவியின் குடும்பப் பெயரைத் தம் பெயருக்கு நடுவே சேர்த்துக்கொண்டு ‘தொமாஷ் கரீக் மசாரிக்’ ஆனார். அது வழக்கமே அல்ல. 1918-இல் நாடு விடுதலை பெற்றபோது, அந்தப் பெயரோடுதான் அவர் அதிபர் பதவியில் அமர்ந்தார். 1920-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் பால் அடிப்படையிலான சலுகைகளை ஒழித்து, பெண்களுக்குச் சமமான வாக்குரிமையையும் உறுதி செய்தது.

அந்தப் புதிய குடியரசில் சட்டம் படித்து முனைவர் பட்டம் பெற்றவர் மிலாடா ஹொராகோவா. பிறந்தபோது அவர் ‘கிராலோவா’. ‘கிரால்’ என்றால் அரசன். மணந்த பின் ‘ஹொராகோவா’; ‘ஹொராக்’ என்றால் மலைநாட்டான். பெண்களின் சட்ட உரிமைக்காக உழைத்தவர். நாஜிக்களின் சிறையில் ஐந்தாண்டு கிடந்தார். போருக்குப் பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் பதவியை விட்டு விலகினார். பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி, 1950 ஜூன் 27-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இன்று அந்த நாள் கம்யூனிஸ்டு ஆட்சிக்குப் பலியானவர்களின் நினைவு நாள். ‘மலைநாட்டானைச் சேர்ந்தவள்’ என்ற பொருளோடு அந்தப் பெயரை இன்று யாராவது கேட்கிறார்களா? இல்லை. அது தூக்குமேடையிலும் தலை குனியாத ஒரு பெண்ணின் பெயர். அவ்வளவுதான்.

மார்ட்டினாவுக்குப் பெயர் வந்த வழி

மிலாடா ஹொராகோவாவைத் தூக்கிலிட்ட ஆட்சி தொடர்ந்துகொண்டிருந்தபோது, 1956 அக்டோபர் 18-ஆம் நாள் பிறந்தவர் மார்ட்டினா. அப்போது அவர் நவ்ராத்திலோவா அல்ல, ‘ஷுபெர்ட்டோவா’. அது தந்தை ஷுபெர்ட்டின் பெயரிலிருந்து வந்தது. ‘ஷுபெர்ட்’ ஜெர்மன் மொழியில் செருப்புத் தைப்பவரைக் குறித்த பழைய சொல்லிலிருந்து பிறந்த பெயர். மார்ட்டினா சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தார்கள். தாயார் 1962-இல் மிரோஸ்லாவ் நவ்ராத்தில் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். மார்ட்டினாவுக்கு டென்னிஸ் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த முதல் பயிற்சியாளர் அந்த வளர்ப்புத் தந்தைதான். அவருடைய பெயரோடு ‘ஓவா’ சேர்ந்துதான் உலகறிந்த பெயர் உருவானது.

இங்கே செக் இலக்கணத்தின் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘திரும்பினான்’, ‘திரும்பினாள்’ என்று வினைமுற்று பால் காட்டுவதுபோல, செக் மொழியிலும் இறந்தகால வினை பால் காட்டும். ஆண் திரும்பினால் ‘நவ்ராத்தில்’. பெண் திரும்பினால் ‘நவ்ராத்தில’. ஆகவே ‘நவ்ராத்திலோவா’ என்றால் ‘திரும்பி வந்தாள்’ என்று பொருள் அல்ல. ‘திரும்பி வந்தான் என்பவனைச் சேர்ந்தவள்’ என்பதே பொருள். திரும்பி வந்த பெருமை பெயரின்படி ஓர் ஆணுக்கே உரியது. அந்த இலக்கணத்தை மாற்றி எழுதியது அவருடைய வாழ்க்கை.

1975-இல் செக்கோஸ்லோவாகியா மகளிருக்கான ஃபெடரேஷன் கிண்ணத்தை வென்றது. அந்த அணியில் மார்ட்டினாவும் ஆடினார். ஆனால் அவர் அமெரிக்கப் பழக்கவழக்கங்களில் மூழ்கிவிட்டதாக விளையாட்டுத் துறை அதிகாரிகள் குறை கூறினார்கள். வெளிநாட்டுப் பயணம் ஒவ்வொன்றுக்கும் அவர்களுடைய தயவு தேவைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் கிறிஸ் எவர்ட்டிடம் தோற்றார். பின்னர் நியூயார்க் குடிநுழைவு அலுவலகத்துக்குச் சென்று அடைக்கலம் கேட்டார். அப்போது அவருக்கு 18 வயது. நாடு அவருடைய குடியுரிமையைப் பறித்தது. உள்நாட்டு ஊடகங்கள் அவருடைய வெற்றிகளை மறைத்தன. உலகமே உச்சரித்த ஒரு பெயர், அது பிறந்த மண்ணில் ஒலிக்கவில்லை. ‘திரும்பி வந்தவன்’ என்ற பெயரைத் தாங்கியவருக்குத் திரும்பி வரும் வழி அடைபட்டது.

அமெரிக்கா 1981-இல் அவருக்குக் குடியுரிமை வழங்கியது. 1986 ஜூலையில் ஃபெடரேஷன் கிண்ணப் போட்டி பிராக் நகரில், வல்டாவா ஆற்றின் நடுவே உள்ள தீவில் கட்டப்பட்ட புதிய அரங்கில் நடந்தது. மார்ட்டினா அமெரிக்க அணியின் ஆட்டக்காரராக, அமெரிக்கக் கடப்பிதழோடு 11 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த ஊருக்கு வந்தார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லாமல் ‘அமெரிக்க ஆட்டக்காரர்’ என்றே அறிவித்தார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. அரங்கில் இருந்த மக்கள் கைதட்டி அவரைத் தங்கள் பெண்ணாகவே வரவேற்றார்கள். இறுதிச் சுற்றில் அமெரிக்கா செக்கோஸ்லோவாகியாவை 3-0 என்று வென்றது. தம் ஆட்டத்தில் அவர் வீழ்த்தியது ஹானா மண்ட்லிகோவாவை. வலையின் இருபுறமும் ‘ஓவா’க்கள்தான்!

1989-இல் அந்த ஆட்சி சரிந்தது. 2008-இல் மார்ட்டினா அமெரிக்கக் குடியுரிமையை விடாமலேயே செக் குடியுரிமையையும் திரும்பப் பெற்றார். தடையை மீறிப் போன பெண், தன் பெயரைக் கைவிடாமலே திரும்பி வந்தார்.

எல்லை கடந்தால் பெயருக்கு என்ன ஆகும்?

வெளிநாட்டில் குடியேறிய எல்லாரும் அப்படிப் பெயரைக் காத்துக்கொள்ளவில்லை. 1937-இல் பிராக் நகரில் பிறந்த ஒரு குழந்தையின் பெயர் மரியே யானா கோர்பெலோவா. குடும்பம் 1948-இல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே தந்தைக்கு ஒரு பெயர், மகளுக்கு வேறு பெயர் என்பது எடுபடாது. ‘ஓவா’ உதிர்ந்தது. திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் வந்தது. 1997 முதல் 2001 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த மேடலின் ஆல்பிரைட் அவர்தான். நவ்ராத்திலோவாவோ ‘ஓவா’வை வைத்துக்கொண்டார், ஆங்கில எழுத்தில் நெடில் குறிகளை மட்டும் விட்டுவிட்டார்.

எதிர்த் திசையில் வேறொன்று நடந்தது. வெளிநாட்டுப் பெண்களின் பெயர்களைச் செக் மொழியில் எழுதும்போது அவர்களுக்கும் ‘ஓவா’ சூட்டப்பட்டது. ஹாரி பாட்டர் கதைகளின் செக் பதிப்புகளில் ஆசிரியர் ‘ரௌலிங்கோவா’. செய்தித்தாள்களில் ஜெர்மன் அரசுத் தலைவி ‘மெர்கெலோவா’, அமெரிக்க வீராங்கனை ‘வில்லியம்சோவா’.

இது வெறும் பிடிவாதம் அல்ல. செக் மொழியில் ஏழு வேற்றுமைகள் உண்டு. எழுவாயும் செயப்படுபொருளும் வாக்கியத்தில் இடம் மாறி நிற்கலாம். யார் யாரை வென்றார் என்பதை வேற்றுமை விகுதிதான் சொல்லும். இதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ராமனை ராவணன் கண்டான்’ என்பதற்கும் ‘ராமன் ராவணனைக் கண்டான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ‘ஐ’ என்ற ஓர் உருபுதானே? ‘ஓவா’ இருந்தால் அந்தப் பெயர் வேற்றுமை ஏற்கும். பெண்ணின் பெயர் ஆண் வடிவில் நின்றால் செக் மொழியில் அது உருபு ஏற்காமல் கல்லைப்போல் அசையாது நிற்கும். ‘ஓவா’ வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் இது.

உடைமையா, இலக்கணமா?

வேண்டாம் என்பவர்களின் வாதமும் வலுவில் குறைந்தது அல்ல. ஒரு பெண் ஏன் வாழ்நாள் முழுவதும் யாரோ ஓர் ஆணைச் ‘சேர்ந்தவள்’ என்று கையெழுத்திட வேண்டும் என்பது முதல் கேள்வி. நடைமுறைத் தொல்லை இரண்டாவது. தாய் நோவாகோவா, மகன் நோவாக். வெளிநாட்டு விமான நிலையத்தில் கடப்பிதழைப் பார்க்கும் அதிகாரி, இவன் உங்கள் பிள்ளைதானா என்று கேட்கிறார். வெளிநாட்டவரை மணந்தவருக்கும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கும் இது அன்றாடத் தலைவலி.

சட்டம் நெடுங்காலம் இலக்கணத்தின் பக்கமே நின்றது. 2000-ஆம் ஆண்டின் பதிவேட்டுச் சட்டப்படி, பெண்ணின் குடும்பப் பெயர் செக் இலக்கண விதிக்கு ஏற்ப அமைய வேண்டும். வெளிநாட்டவரை மணந்தவர், வெளிநாட்டில் குடியிருப்பவர், செக் அல்லாத இனத்தைச் சேர்ந்தவர் போன்றோருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. மற்றவர்களுக்கு விருப்பம் இருந்தாலும் வழி இல்லை. விலக்கு வேண்டுமானால், ‘நான் வெளிநாட்டில் குடியேறப் போகிறேன்’ என்றோ ‘நான் செக் இனத்தவள் அல்ல’ என்றோ அரசு அலுவலகத்தில் சொல்ல வேண்டியிருந்தது. தன் பெயருக்காகத் தன் நாட்டையே மறுக்கும் நிலை அது.

2021-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜனவரி முதல் நாள் தொடங்கி, காரணம் எதுவும் சொல்லாமலே ஒரு செக் பெண் ஆண் வடிவப் பெயரை ஏற்கலாம், ‘ஓவா’வோடும் இருக்கலாம். மணமக்கள் இருவரில் யாருடைய பெயரையும் பொதுப் பெயராக ஏற்கலாம் என்ற வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. நோவாகோவாவை மணந்து அவர் வீட்டுப் பெயரை ஏற்கும் மாப்பிள்ளை ‘நோவாக்’ ஆகிறார். பண்ணை வீட்டு மருமகனின் பழைய கதை சட்டத்தின் வழியே திரும்பி வந்திருக்கிறது.

திருத்தம் வந்ததும் ‘ஓவா’ அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. பெரும்பான்மைப் பெண்கள் அதை விடவில்லை. காரணம் எளியது. பலருக்கு அது இன்று உடைமையின் அடையாளமாகத் தெரியவில்லை. தாயும் பாட்டியும் தாங்கிய பெயராகவே தெரிகிறது. 2024-இல் விம்பிள்டனை வென்ற பர்போரா கிரெய்ச்சிகோவாவின் பெயருக்குள் ஒரு ‘சிறு தையற்காரர்’ இருக்கிறார். அவரை வழிகாட்டி வளர்த்த யானா நொவொட்னாவின் பெயருக்குள் ‘புதிதாக வந்தவர்’ இருக்கிறார். நொவொட்னா 2017-இல் காலமானார். செக் மக்கள் அந்தப் பெயர்களைக் கேட்கும்போது தையற்காரரையும் புதியவரையும் நினைப்பதில்லை. குருவையும் மாணவியையும் நினைக்கிறார்கள்.

சொல்லின் வேர் ஒரு காலத்து உண்மையைச் சொல்கிறது. பெண் ஆணின் உடைமையாக எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு ‘ஓவா’ சாட்சி. அந்தச் சாட்சியத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரில் யார் எப்படி வாழ்கிறார் என்பதை வேர்ச்சொல் முடிவு செய்வதில்லை. ஜெர்மன்காரனின் பெயரால் செக் மொழி வளர்த்தவர் ஒருவர். மலைநாட்டானின் பெயரால் உயிரைக் கொடுத்தவர் இன்னொருவர். வளர்ப்புத் தந்தையிடமிருந்து ‘திரும்பி வந்தான்’ என்ற சொல்லை வாங்கி, ‘திரும்பி வந்தாள்’ என்று வாழ்ந்து காட்டியவர் மற்றொருவர். அவர்களில் யாருக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. இன்றைய செக் பெண்ணுக்கு அது கிடைத்திருக்கிறது. ‘ஓவா’வோடு கையெழுத்திடுகிறவரும், அதை விட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறவரும் இனித் தாங்களே தேர்ந்த பெயரில்தான் கையெழுத்திடுகிறார்கள்.